காலராவை அளந்தவர்கள்

காலரா கொல்லும் முறையில் சிக்கல் எதுவும் இல்லை. குடலிலிருந்து தண்ணீர் வெளியேறுகிறது, நிற்பதில்லை, அவ்வளவுதான். கடுமையாகத் தாக்கப்பட்ட ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட இழப்பார். அரிசி கழுவிய நீர்போலப் போகும் அந்தப் பேதியில் மலம் என்று சொல்ல எதுவும் இருக்காது. காலையில் நடமாடியவருக்கு மாலைக்குள் கண் குழிவிழும், குரல் கம்மும், விரல் நுனிகள் சுருங்கும், கையில் நாடி கிடைக்காது. சிகிச்சை இல்லாமல் விட்டால் கடும் நோயாளிகளில் பாதிப் பேர் இறந்துவிடக்கூடும். இழந்த நீரையும் உப்பையும் இழந்த அளவுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நூற்றில் ஒருவர்கூட இறக்கத் தேவையில்லை.

நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது 1831-லேயே எழுதப்பட்டுவிட்டது. 'இழந்த அளவுக்கு' என்பது மருத்துவத்துக்கு உறைக்க மேலும் 130 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. காலரா ஆய்வின் வரலாறு பெரும்பாலும் கிருமியைத் தேடிப் பிடித்த கதையாகவே சொல்லப்படுகிறது. என் பார்வையில் அது அளக்கக் கற்றுக்கொண்ட கதை. கிருமி அதில் ஓர் அத்தியாயம் மட்டுமே.

வங்காளத்தின் கழிமுகப் பகுதியில் நெடுங்காலமாக இருந்துவந்த இந்த நோய், 1817-இல் அங்கிருந்து கிளம்பி ஆசியாவின் பல பகுதிகளைத் தாக்கியது. இரண்டாவது அலை ரஷ்யா வழியாக ஐரோப்பாவைக் கடந்து 1831-இல் இங்கிலாந்தின் சண்டர்லாண்டு துறைமுகத்தில் இறங்கியது. மருத்துவர்கள் கையில் அப்போது இருந்தவை மூன்று: நரம்பை வெட்டி இரத்தம் வடிப்பது, பாதரச உப்பு கொடுப்பது, அபின் கொடுப்பது. ஏற்கெனவே வற்றிக்கொண்டிருக்கும் உடலிலிருந்து இரத்தத்தையும் வடித்தார்கள். நோயைவிட வைத்தியத்துக்குப் பலியானவர்கள் எத்தனை பேரோ.

எடின்பரோவில் படித்துவிட்டு, லண்டனில் தொழில் செய்ய உரிமம் கிடைக்காமல் வேதியியல் பக்கம் ஒதுங்கியிருந்தார் வில்லியம் புரூக் ஓஷாக்னஸி. வயது இருபதுகளின் தொடக்கம். சண்டர்லாண்டுக்குப் போய் நோயாளிகளின் இரத்தத்தை எடுத்து, அதில் என்ன குறைந்திருக்கிறது என்று பகுத்துப் பார்த்தார். நீர் பெருமளவு குறைந்திருந்தது, உப்புகள் குறைந்திருந்தன, காரத்தன்மை குறைந்திருந்தது. காணாமல்போனவை பேதியில் இருந்தன. அப்படியானால் அந்த உப்புகளை நீரில் கரைத்து நரம்பு வழியாகவே உள்ளே செலுத்தலாமே என்று எழுதினார். ஒரு நோயாளிக்கும் அவர் அதைச் செய்து பார்க்கவில்லை. பின்னாளில் கல்கத்தாவுக்குப் போய் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார், இந்தியாவின் தந்திக் கம்பிகளைப் போட்டார். காலரா அவர் வாழ்க்கையில் ஒரு சிறு பகுதியாகிப்போனது.

செய்து பார்த்தவர் தாமஸ் லாட்டா. 1832 மே மாதம், ஸ்காட்லாந்தின் லீத் நகரில், எல்லா வைத்தியமும் தோற்றுப்போன ஒரு மூதாட்டியின் கை நரம்பில் குழாயைச் செருகி உப்புநீரை ஏற்றினார். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. ஏற்றிக்கொண்டே இருந்தார். குழிந்த கண்கள் மேலே வந்தன, தாடை இறுகியது, நாடி திரும்பியது. அரை மணி நேரத்தில் ஆறு பைன்ட், ஏறத்தாழ மூன்றரை லிட்டர், உள்ளே போயிருந்தது. நோயாளி தேறிவிட்டார் என்று அவரை வேறொரு மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு லாட்டா கிளம்பினார். பேதி மறுபடி தொடங்கியது. யாரும் மறுபடி நீர் ஏற்றவில்லை. சில மணி நேரத்தில் மூதாட்டி இறந்துவிட்டார்.

மருத்துவ வரலாற்றில் இந்த மரணம் தனி இடம் பெறவேண்டியது. கொடுத்த மருந்து சரியானது, கொடுத்த வழியும் சரியானது. நோய் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறது, ஆகவே நாமும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கணக்கு மட்டும் விட்டுப்போயிற்று. லாட்டா அடுத்த ஆண்டே இறந்தார். அவரைப் பின்பற்றியவர்கள் சாகும் தறுவாயில் இருந்தவர்களுக்கு மட்டுமே இதைச் செய்தார்கள். அவர்கள் ஏற்றிய நீரில் உப்பு போதாது, அது தூய்மையானதும் இல்லை. விளைவுகள் மோசமாக இருந்ததால் முறை கைவிடப்பட்டது. அன்றைய மருத்துவர்களை மூடர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அவர்கள் கண்முன் நடந்ததை வைத்துப் பார்த்தால், கைவிட்டதற்கு நியாயம் இருந்தது.

அளவை வேறொரு திசையிலிருந்து கொண்டுவந்தவர் ஜான் ஸ்னோ. லண்டன் பிராட் தெருவில் அவர் குழாயடியின் கைப்பிடியைக் கழற்றவைத்த கதை பிரபலம். 1854 ஆகஸ்ட் இறுதியில் அந்தத் தெருவைச் சுற்றி மரணங்கள் குவிந்தன. இறந்தவர்களின் வீடுகளை விசாரித்து எல்லாம் ஒரே குழாயைச் சுற்றி இருப்பதைக் கண்டார். செப்டம்பர் 8-ஆம் தேதி கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் தொற்று தானாகவே இறங்கத் தொடங்கிவிட்டது என்பதை ஸ்னோவே ஒப்புக்கொண்டிருக்கிறார். பாடநூல்கள் அந்த வரியை மட்டும் விட்டுவிடுகின்றன.

அவருடைய பெரிய வேலை தென் லண்டனில் நடந்தது. அங்கே இரண்டு தண்ணீர்க் கம்பெனிகள் ஒரே தெருக்களில் போட்டிபோட்டுக் குழாய் பதித்திருந்தன. லாம்பெத் கம்பெனி 1852-இல் தன் நீரெடுக்கும் இடத்தை நகரக் கழிவு கலக்காத மேல்நதிப் பகுதிக்கு மாற்றியிருந்தது. சதர்க் - வாக்ஸால் கம்பெனி நகருக்குள்ளேயே அழுக்கான தேம்ஸ் நீரை எடுத்தது. பக்கத்துப் பக்கத்து வீடு, அதே காற்று, அதே வசதி, தண்ணீர் மட்டும் வேறு. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் தங்களுக்கே தெரியாமல் இரண்டு குழுக்களாகப் பிரிந்திருந்தார்கள்.

ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளுக்குப் போனார். வாடகைக்குக் குடியிருந்த பலருக்கும் எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று தெரியவில்லை. கட்டணம் வீட்டுக்காரர் கட்டுவது. அங்கே அவர் ஒரு புட்டியில் தண்ணீரைப் பிடித்து, அதில் வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்தார். தேம்ஸின் கீழ்ப்பகுதியில் கடல் ஓதம் ஏறுவதால் சதர்க் - வாக்ஸால் தண்ணீரில் உப்பு மிக அதிகம். லாம்பெத் தண்ணீரில் மிகக் குறைவு. வெள்ளையாகத் திரண்டால் அது சதர்க் - வாக்ஸால், லேசாக மங்கினால் லாம்பெத். கணக்கைக் கூட்டியபோது, தொற்றின் முதல் ஏழு வாரங்களில் சதர்க் - வாக்ஸால் வீடுகளில் 10,000-க்கு 315 மரணம், லாம்பெத் வீடுகளில் 37.

ஸ்னோவின் அன்றாடத் தொழில் மயக்க மருந்து கொடுப்பது. விக்டோரியா அரசியின் பிரசவத்துக்கே குளோரோஃபார்ம் கொடுத்தவர். ஆவி காற்றில் பரவும்போது எப்படி நீர்த்துப்போகும், எவ்வளவு உள்ளே போனால் என்ன ஆகும் என்பதோடு தினமும் புழங்கியவர். கெட்ட காற்றுதான் காலராவைப் பரப்புகிறது என்ற கருத்து அவருக்கு ஒட்டாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். நாற்றத்துக்கு மிக அருகில் இருப்பவர் தப்பிக்க, தூரத்தில் இருப்பவர் சாவது எந்த ஆவிக்கும் பொருந்தாது. அதோடு நோய் தொடங்குவது குடலில், நுரையீரலில் இல்லை. அப்படியானால் விழுங்கியது எதுவோ அதுதான் காரணம்.

எண்கள் இருந்தால் மட்டும் உண்மை வந்துவிடாது என்பதற்கும் இதே லண்டனில் சான்று இருக்கிறது. அரசின் புள்ளிவிவர அதிகாரி வில்லியம் ஃபார், 1849 தொற்றின் மரணங்களை அடுக்கி, தேம்ஸ் மட்டத்திலிருந்து உயரம் கூடக்கூடக் காலரா குறைகிறது என்று ஒரு விதியே வகுத்தார். கணக்கு அச்சாகப் பொருந்தியது. தாழ்வான இடத்தில் கெட்ட காற்று தேங்குகிறது என்று முடிவு கட்டினார். தாழ்வான இடங்களுக்குத்தான் அழுக்கான ஆற்றுநீர் போகிறது என்பது அந்த அழகான விதிக்குள் ஒளிந்துகொண்டது. ஆனால் ஃபார் பிடிவாதக்காரர் அல்ல. ஸ்னோவுக்கு இறந்தவர்களின் முகவரிகளைத் திரட்ட உதவியதும் அவருடைய அலுவலகம்தான். 1866-இல் கிழக்கு லண்டனில் நோய் வெடித்தபோது, நேராகத் தண்ணீர்க் கம்பெனியைச் சுட்டிக்காட்டியவர்களில் அவரும் ஒருவர். ஸ்னோ அதைப் பார்க்கவில்லை. 1858-லேயே இறந்திருந்தார்.

கிருமியின் கதைக்கு வருவோம். பிராட் தெருவில் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்ட அதே 1854-இல், இத்தாலியின் ஃபிளாரன்ஸில் ஃபிலிப்போ பாச்சினி இறந்தவர்களின் குடலை நுண்ணோக்கியில் பார்த்து, வளைந்த நுண்ணுயிர்கள் மொய்ப்பதை விவரித்துவிட்டார். நோயாளியைக் கொல்வது நீரிழப்புதான், உப்புநீரை நரம்பில் செலுத்தலாம் என்றும் பிற்பாடு எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1883-இல் எகிப்தில் காலரா பரவியபோது ஜெர்மனி ராபர்ட் கோக்கை அனுப்பியது, பிரான்ஸ் பாஸ்டரின் மாணவர்களை அனுப்பியது. பிரெஞ்சுக் குழுவைச் சேர்ந்த லூயி துயிலியே அலெக்சாண்டிரியாவில் காலராவுக்கே பலியானார். கோக் அங்கிருந்து கல்கத்தா சென்று, 1884 தொடக்கத்தில் காற்புள்ளி வடிவப் பாக்டீரியாவைத் தனியே வளர்த்து அறிவித்தார். குளத்து நீரிலும் அதைக் கண்டார்.

எந்த விலங்குக்கும் அந்தக் கிருமியைக் கொடுத்துக் காலராவை வரவழைக்க அவரால் முடியவில்லை. எதிராளிகளுக்கு அது போதும். மியூனிக்கின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், மண்ணின் தன்மைதான் தீர்மானிக்கிறது, கிருமி மட்டும் போதாது என்று வாதிட்டவர். 1892 அக்டோபரில், 70 வயதைக் கடந்த நிலையில், காலராக் கிருமி வளர்ந்த திரவத்தைப் பலர் அறியக் குடித்தார். லேசான பேதியோடு தப்பினார். தான் வென்றதாகவே நினைத்தார். அதே ஆண்டு ஹாம்பர்கில் 8,000-க்கும் மேற்பட்டோர் காலராவில் இறந்தார்கள். எல்ப் நதியின் நீரை அந்த நகரம் வடிகட்டாமல் கொடுத்தது. ஒட்டியிருந்த ஆல்டோனா, ஹாம்பர்கின் கழிவு கலந்த அதே நதியின் நீரை மணலில் வடிகட்டிக் கொடுத்து, பெரும்பாலும் தப்பித்தது. ஒருவர் குடித்துத் தப்பியதைவிட ஒரு நகரம் குடித்துச் செத்தது வலுவான சான்று.

கிருமி கிடைத்ததும் தடுப்பூசி வந்தது. வால்டெமர் ஹாஃப்கின் 1892-இல் அதைத் தன் உடலிலேயே போட்டுப் பார்த்துவிட்டு இந்தியா வந்தார். ஒரே குடியிருப்பில் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பலனைக் கணக்கிட்டார். பிற்காலத் தடுப்பூசிச் சோதனைகளுக்கு அது நல்ல முன்னோடி. ஆனால் ஏற்கெனவே வார்டில் படுத்திருப்பவருக்கு ஊசியாலும் பயனில்லை, கிருமியின் பெயர் தெரிந்ததாலும் பயனில்லை. கோக்குக்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்குமேல் நோயாளிகள் முன்போலவே இறந்துகொண்டிருந்தார்கள். கல்கத்தாவில் ஆங்கிலேய மருத்துவர் லெனார்ட் ராஜர்ஸ், இரத்தத்தின் அடர்த்தியை அளந்து, உப்பு கூடுதலான நீரைத் தாராளமாக ஏற்றத் தொடங்கிய பிறகே மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. லாட்டா விட்ட இடத்திலிருந்து தொடங்க எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

மிச்சப் பாதியைக் குறைத்தவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ். இரண்டாம் உலகப்போரின்போது ஒரு சுலபமான சோதனையை உருவாக்குவதில் அவருக்குப் பங்கு இருந்தது. வெவ்வேறு அடர்த்தியில் கலந்த மயில்துத்தக் கரைசல்கள் வரிசையாகப் புட்டிகளில் இருக்கும். ஒரு சொட்டு இரத்தத்தை விட வேண்டும். மூழ்கினால் இரத்தம் கரைசலைவிடக் கெட்டி, மிதந்தால் நீர்த்தது. மின்சாரம் வேண்டாம், ஆய்வகம் வேண்டாம். நோயாளி எவ்வளவு நீர் இழந்திருக்கிறார் என்பதைப் படுக்கையருகிலேயே சொல்லிவிடலாம். 1947-இல் எகிப்தில் காலரா வந்தபோது இதைக் கொண்டு நீர் ஏற்றியவர், பின்னர் ஆசியாவில் அந்த முறையைச் செம்மைப்படுத்தினார். போதுமான சலைன் கையில் இருந்தால் காலராவில் யாரும் சாகவேண்டியதில்லை என்ற நிலை 1960 வாக்கில் வந்துவிட்டது.

ஆனால் காலரா வருவது சலைன் புட்டிகள் இல்லாத இடங்களுக்கு. ஒரு கடும் நோயாளிக்குப் பல லிட்டர் வேண்டும். அது கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும், ஏற்ற ஊசி வேண்டும், ஊசி போடத் தெரிந்தவர் வேண்டும். குடிக்கக் கொடுத்தால் என்ன என்ற கேள்விக்கு அன்றைய விடை, குடித்தது அப்படியே வெளியே வரும் என்பதுதான். காலராவில் குடலின் உட்சுவரே உரிந்துபோகிறது என்று நூறாண்டாக நம்பினார்கள். பிணப் பரிசோதனையில் அப்படித்தான் தெரிந்தது. பாங்காக்கில் உயிரோடு இருந்த நோயாளிகளின் குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தபோது சுவர் பழுதில்லாமல் இருந்தது. உரிந்தது இறந்த பிறகு நடந்த சிதைவு.

பழுதில்லாத குடல் ஏன் நீரைக் கொட்டுகிறது என்பதற்குக் கல்கத்தாவின் சம்பு நாத் டே வழி காட்டினார். கிருமி ஒரு நச்சை வெளியிடுகிறது என்று கோக் 1884-லேயே ஊகித்திருந்தார். பின்னால் வந்தவர்கள் அந்த நச்சைத் தேடி விலங்குகளின் இரத்தத்தில் ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள். டே முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் நூலால் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். அந்தத் துண்டு நீர் கோத்து உப்பியது. 1959-இல், கிருமியை முழுதாக வடிகட்டி நீக்கிய திரவமே அதைச் செய்கிறது என்று நேச்சர் இதழில் சிறு கட்டுரையாக வெளியிட்டார். எழுபத்தைந்து ஆண்டுகள் தவறான இடத்தில் தேடிய பொருள் குடலுக்குள்ளேயே இருந்தது. 1985-இல் அவர் இறக்கும்வரை சொந்த நாட்டில் பெரிய கௌரவம் எதுவும் அவரைத் தேடி வரவில்லை. அவமானம் நாட்டுக்குத்தான்.

அந்த நச்சு குடற்செல்லுக்குள் புகுந்து ஒரு சமிக்ஞைப் புரதத்தை அணையவிடாமல் பூட்டிவிடுகிறது. செல் குளோரைடை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது, சோடியமும் நீரும் பின்னால் போகின்றன. செல்கள் எப்படிச் செய்தி பெறுகின்றன என்பதை ஆராய்ந்தவர்களுக்கு இதே நச்சு பிற்பாடு கருவியாயிற்று. 1994-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்ற ஜி-புரதங்கள் பற்றிய ஆய்வில் அதற்கும் இடம் உண்டு. ஆனால் அதே செல்லில் நச்சு தொடாத இன்னொரு வழி இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துத்தான் அதில் உள்ளே போகும், நீர் கூடவே போகும். ராபர்ட் கிரேன் 1960-இல் இதை விளக்கினார். உப்பை மட்டும் கொடுத்தால் உள்ளே போகாது, சர்க்கரையோடு கொடுத்தால் போகும்.

இதை நடைமுறையில் முன்பே செய்தவரும் உண்டு. கல்கத்தாவின் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி 1953-இல் 186 நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, லான்செட் இதழில் எழுதினார். எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது என்ற கணக்கு அதில் இல்லை. உலகம் அதைக் கடந்து போய்விட்டது. பிலிப்ஸே 1962-இல் மணிலாவில் வாய்வழிக் கரைசலைச் சோதித்தார். கரைசலின் செறிவு கூடிப்போய்ச் சிலர் இறந்ததும் அந்த முறையை நம்ப மறுத்துவிட்டார். அளவைக் கொண்டே பேரெடுத்தவரை அளவே வீழ்த்தியது.

டாக்காவில் அமெரிக்க மருத்துவர்கள் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் 1968-இல் 29 நோயாளிகளிடம் செய்த சோதனையில் இந்த இழை முடிச்சுக்கு வந்தது. காலரா வார்டுக் கட்டில் நடுவில் ஓட்டை போட்ட கித்தான் கட்டில். ஓட்டைக்குக் கீழே அளவுக் கோடு போட்ட வாளி. வெளியேறிய அளவைக் குறித்துக்கொண்டு, அதே அளவு கரைசலை அடுத்த சில மணி நேரத்தில் குடிக்கவைத்தார்கள். கரைசலின் கலவையைவிட இந்த வரவு செலவுக் கணக்குதான் கண்டுபிடிப்பு என்பேன். நரம்பு வழி நீரின் தேவை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது.

மூன்று ஆண்டுகள் கழித்து வங்கதேசப் போரில் லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். மேற்கு வங்கத்தின் பொங்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸின் கையிருப்புச் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் கல்கத்தாவில் எடைபோட்டுப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்தார்கள். கரைசலைக் கொடுத்தது தாதிகள் அல்ல, நோயாளிகளின் தாய்மாரும் உறவினரும். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு அவர் பொறுப்பில் இருந்த இடத்தில் 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. 1978-இல் லான்செட், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று தலையங்கம் எழுதியது. காலராவுக்காகப் பிறந்த கரைசல் எல்லா வகைப் பேதிக்கும் மருந்தானது. அதன் பலனைக் காலரா நோயாளிகளைவிடச் சாதாரண வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளே அதிகம் பெற்றார்கள்.

1980 முதல் பத்தாண்டுகள் வங்கதேசத்தின் பிராக் தொண்டு அமைப்பு பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பியது. பொட்டலத்தைக் கொடுக்க அல்ல, தாய்மாருக்குக் கரைசல் செய்யக் கற்றுக்கொடுக்க. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். சில வாரங்கள் கழித்து வேறொருவர் அதே வீடுகளில் சிலவற்றுக்குப் போய், செய்துகாட்டச் சொல்லி மாதிரி எடுத்துவருவார். ஆய்வகத்தில் உப்பின் அளவைச் சோதிப்பார்கள். தாய் எவ்வளவு சரியாகச் செய்தாரோ அதற்கேற்பத்தான் கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம். ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு இப்படிப் போனார்கள்.

கிருமியும் சும்மா இருக்கவில்லை. 1961-இல் இந்தோனேசியாவின் சுலாவெசியில் எல் டார் என்ற கிருமி வகை கிளப்பிய ஏழாவது பெருந்தொற்று இன்றுவரை ஓயவில்லை. 1992-இல் சென்னையில் ஓ139 என்ற புதிய வகை தலைகாட்டியது. நச்சுக்கான மரபணுவைக் கிருமிக்குள் கொண்டுவருவது ஒரு வைரஸ் என்று 1996-இல் தெரிந்தது. ரீட்டா கோல்வெல், கழிமுக நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரினங்களில் ஒட்டிக்கொண்டு இக்கிருமி வாழ்வதைக் காட்டினார். பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடிநீரை வடிகட்டச் சொல்லி வங்கதேசக் கிராமங்களில் சோதித்தபோது காலரா ஏறத்தாழப் பாதி குறைந்தது.

2010-இல் ஹைட்டியில், ஐ.நா. அமைதிப்படையின் நேபாள வீரர்கள் தங்கிய முகாமின் கழிவு கலந்த ஓர் ஆற்றிலிருந்து தொற்று பரவியது. ஸ்னோவைப்போல ஆற்றங்கரை ஊர்களின் நோயாளிகளை எண்ணியவர்களும், கிருமியின் மரபணுவைப் படித்து நேபாளத்தோடு பொருத்தியவர்களும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தன் பங்கை ஐ.நா. ஒப்புக்கொள்ள 2016 வரை ஆயிற்று. வாய்வழித் தடுப்பு மருந்துக்கான உலகக் கையிருப்பு 2013-இல் தொடங்கியது. ஒருவருக்கு இரண்டு வேளை என்பது அதன் முறை. தொற்றுகள் பெருகி மருந்து போதாமல் போனதால், 2022 அக்டோபரில் தொற்று பரவும் இடங்களுக்கு ஒரு வேளை மட்டுமே கொடுப்பது என்று மாற்றினார்கள்.